சிறிய வேடங்களில் உருவான பெரிய நடிகர்

‘லைஃப் ஆஃப் பை’ படத்தைப் பார்த்தவர்களுக்குக் கடலும் படகும் புலியும் மறக்காது. அந்தப் பிரம்மாண்டத்துக்கு நடுவே, எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படாத ஒரு காட்சியும் மனத்தில் தங்கிவிடும். புதுச்சேரியில் வளர்ந்து கனடாவில் குடியேறிய பை பட்டேல், நடுத்தர வயதில் ஓர் எழுத்தாளரிடம் தம் கதையைச் சொல்கிறார். பல மாதங்கள் ஒரே படகில் உடன் வந்த புலி, கரை சேர்ந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் சென்றதைச் சொல்லும்போது அவரது குரல் தழுதழுக்கிறது. அழுகை பெரிதாக இல்லை. ஆனாலும் பார்ப்பவர் கண் கலங்கிவிடும்.

அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் இர்ஃபான் கான். 2012ஆம் ஆண்டு வெளிவந்த அப்படம் 4 ஆஸ்கார் விருதுகளை வென்றது. அப்போது அவருக்கு வயது 45. திரைக்கு வந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியை அவர் தொலைக்காட்சித் தொடர்களிலும் பெயர் தெரியாத சிறு வேடங்களிலும் கழித்தவர்.

கிரிக்கெட்டா, நடிப்பா?

1967 ஜனவரி 7ஆம் தேதி ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் பிறந்த இர்ஃபானுக்கு இளமையில் கிரிக்கெட் மீதுதான் ஆர்வம். 23 வயதுக்குட்பட்டோருக்கான சி.கே. நாயுடு கிண்ணப் போட்டிக்குத் தேர்வானபோதும், பயணச் செலவுக்குப் பணம் இல்லாததால் செல்ல முடியவில்லை என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

1984இல் டில்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் தந்தை காலமானார். வீட்டிலிருந்து பணம் வர வழியில்லை. கல்வி உதவித்தொகையைக் கொண்டே மூன்றாண்டுப் படிப்பை முடித்தார்.

சுருங்கிப்போன முதல் வாய்ப்பு

இயக்குநர் மீரா நாயர் தமது ‘சலாம் பாம்பே’ படத்துக்கு நடிகர்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. நாடகப் பள்ளி மாணவரான இர்ஃபானை அவருக்குப் பிடித்துவிட்டது. முக்கிய வேடம் ஒன்றுக்குத் தேர்ந்தெடுத்து பம்பாய்க்கு அழைத்தார். தெருவோரச் சிறுவர்களுடன் சேர்ந்து பயிற்சிப் பட்டறையிலும் இர்ஃபான் கலந்துகொண்டார்.

படப்பிடிப்பு நெருங்கியபோது முடிவு மாறியது. ஊட்டச்சத்து குறைந்த அந்தச் சிறுவர்களுக்குப் பக்கத்தில் ஆறடிக்கு மேல் உயரமான இர்ஃபான் பொருந்தவில்லை என்று இயக்குநர் கருதினார். பெரிய வேடம் கைநழுவியது. எழுதத் தெரியாதவர்களுக்குச் சாலையோரம் அமர்ந்து கடிதம் எழுதிக் கொடுப்பவரின் சிறு வேடமே மிஞ்சியது. அன்று இர்ஃபான் அழுதுவிட்டார். என்றாவது ஒருநாள் முக்கிய வேடம் தருவதாக மீரா நாயர் அவருக்கு வாக்களித்தார்.

1988இல் வெளிவந்த ‘சலாம் பாம்பே’ கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. ஆஸ்கார் விருதுக்கும் முன்மொழியப்பட்டது. ஆனால், சில நிமிடங்களே வந்துபோன கடிதக்காரரை யாரும் தேடவில்லை.

தொலைக்காட்சியில் கழிந்த ஆண்டுகள்

பம்பாயில் குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையைச் சிறிது காலம் செய்த இர்ஃபானுக்கு, நிலையான வருமானம் தந்தது தொலைக்காட்சிதான். ‘பாரத் ஏக் கோஜ்’, ‘சாணக்யா’, ‘சந்திரகாந்தா’, ‘பனேகி அப்னி பாத்’ எனத் தொடர்கள் நீண்டன. ஒரு தொடரில் படைத்தலைவர், இன்னொன்றில் உருது கவிஞர் மக்தூம் மொஹியுதீன், ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் ரஷ்யப் புரட்சித் தலைவர் லெனின்.

தொடர்களில் படப்பிடிப்பு விரைவாக நடக்கும். ஒத்திகைக்கு நேரம் குறைவு. பல நேரங்களில் நடிகரின் முகபாவத்தை நம்பாமல் எல்லாவற்றையும் வசனமே சொல்லிவிடும். அந்தச் சலிப்பில் நடிப்பையே விட்டுவிடலாமா என்று எண்ணியதாக இர்ஃபான் கூறியிருக்கிறார்.

ஆனால், கிடைத்த வேடத்துக்கு உயிர் கொடுக்கும் பழக்கத்தை அவர் விடவில்லை. நாடகப் பள்ளி நட்புகளையும் விடவில்லை. உடன் படித்த எழுத்தாளர் சுதபா சிக்தரை 1995இல் மணந்தார். அங்கு பழக்கமான திக்மான்ஷு தூலியா, பின்னாளில் இர்ஃபானின் இரண்டு முக்கியப் படங்களை இயக்கினார்.

18 ஆண்டுகள் கழித்து

திருப்பம் 2001இல் வந்தது. லண்டனைச் சேர்ந்த இளம் இயக்குநர் ஆசிஃப் கபாடியா, ‘தி வாரியர்’ என்ற தமது முதல் முழுநீளப் படத்துக்கு இர்ஃபானை நாயகனாக்கினார். வாளைக் கீழே போட்டுவிட்டு வன்முறையிலிருந்து விலக நினைக்கும் ஒரு வீரனின் கதை. வசனம் மிகக் குறைவு. நாயகன் மனத்தில் ஓடுவதைக் கண்களும் நடையும்தான் காட்ட வேண்டும். அந்தப் படம் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா விருதை வென்றது.

பின்னர் பாலிவுட்டின் கதவுகளும் திறந்தன. தூலியா இயக்கிய ‘ஹாசில்’ படத்தில் கல்லூரி அரசியல்வாதியாக நடித்து, சிறந்த வில்லனுக்கான ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’தை மும்பை நிழலுலகக் கதையாக்கிய ‘மக்பூல்’ படத்தில் நாயகனானார்.

மீரா நாயரும் வாக்கை மறக்கவில்லை. ஜும்பா லாஹிரியின் நாவலைத் தழுவி அவர் எடுத்த ‘தி நேம்சேக்’ படத்தில், அமெரிக்காவில் குடியேறிய வங்காளிப் பேராசிரியர் அசோக் கங்குலியாக இர்ஃபான் நடித்தார். படம் வந்த ஆண்டு 2006. வேடம் கைநழுவிய படம் திரைக்கு வந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் மகனுக்கு ஏன் அந்தப் பெயரை வைத்தேன் என்று காருக்குள் அமர்ந்து தாழ்ந்த குரலில் தந்தை சொல்லும் காட்சி, வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் எந்தக் குடும்பத்துக்கும் நெருக்கமானது.

தூலியாவின் ‘பான் சிங் தோமர்’ 2010லேயே லண்டன் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டாலும், 2012இல்தான் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. தடையோட்டத்தில் தேசிய வெற்றியாளராக இருந்து, பின்னர் கொள்ளைக்காரராக மாறிய உண்மை மனிதரின் கதை அது. அவ்வேடம் இர்ஃபானுக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்தில், ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் அலுவலக ஊழியர். தவறுதலாக வந்துசேரும் மதிய உணவை அவர் மெல்ல முகர்ந்து பார்க்கும் விதத்திலேயே அந்த மனிதரின் தனிமை தெரிந்துவிடும்.

ஹாலிவுட் புகழ் வந்த பிறகும் சின்னத்திரையை அவர் தாழ்வாக நினைக்கவில்லை. 2010இல் ‘இன் ட்ரீட்மென்ட்’ என்ற அமெரிக்கத் தொடரில், மனைவியை இழந்து மகன் வீட்டில் வாழும் முதியவராக நடித்தார். பெரும்பாலும் ஓர் அறை, இரண்டு நாற்காலிகள், இரண்டு நடிகர்கள். அதில் கைகொடுத்தது பழைய தொலைக்காட்சி உழைப்பு.

எதைக் கற்றுக்கொள்வது?

காத்திருந்தால் எல்லாம் தானாகக் கிடைக்கும் என்று இவரது வாழ்க்கையைப் புரிந்துகொள்ளக் கூடாது. திறமையோடு காத்திருந்தும் வாய்ப்பே கிடைக்காமல் போனவர்கள் ஏராளம். இர்ஃபான் காத்திருக்க மட்டும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. சில நிமிட வேடத்திலும் ஒரு முழு மனிதரைக் காட்ட முயன்ற பழக்கமே, குறைவான அசைவில் நிறையச் சொல்லும் ஆற்றலாக வளர்ந்தது. உலக இயக்குநர்கள் அவரைத் தேடி வந்ததும் அந்த ஆற்றலுக்காகத்தான். சிறிய வேடங்கள் அவரது பயணத்தைத் தாமதப்படுத்தின. அதே வேடங்கள்தான் அவரை உருவாக்கவும் செய்தன.

விரும்பிய பாடப்பிரிவு கிடைக்காத மாணவருக்கும், மேடை நாடகத்தில் இரண்டு வரி வசனம் மட்டுமே கிடைத்தவருக்கும், வேலைப் பயிற்சியில் சிறு பணிகளே தரப்பட்டவருக்கும் இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது. கிடைத்த பங்கு எவ்வளவு சிறியது என்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. அதற்குள் எவ்வளவு உழைப்பைப் போடுகிறோம் என்பது நம் கையில்தான் உள்ளது.

2018இல் அரிய வகைப் புற்றுநோய் தம்மைத் தாக்கியிருப்பதை இர்ஃபான் வெளிப்படையாக அறிவித்தார். சிகிச்சைக்கிடையே ‘அங்ரேஸி மீடியம்’ படத்தில் நடித்து முடித்தார். லண்டனில் படிக்க ஆசைப்படும் மகளுக்காக எதையும் செய்யத் துணியும் சிற்றூர்த் தந்தையின் கதை அது. 2020 மார்ச்சில் படம் வெளியான சில நாள்களிலேயே கொவிட்-19 பரவலால் திரையரங்குகள் மூடப்பட்டன. ஏப்ரல் 29ஆம் தேதி, 53 வயதில், மும்பையில் இர்ஃபான் காலமானார்.

அவரது நடிப்பை முதன்முறையாகப் பார்க்க விரும்புவோர் ‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்திலிருந்து தொடங்கலாம். பிறகு ‘சலாம் பாம்பே’யைத் தேடிப் பாருங்கள். சாலையோரத்தில் ஒரு சிறுவனுக்காகக் கடிதம் எழுதும் அந்த உயரமான இளையரை இப்போது யாரும் கவனிக்காமல் கடந்துவிட முடியாது.