உங்களுக்குத் தெரியுமா? டைம் குடுக்காதே!

● வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் கால்பந்து நடக்கும் இடத்தில் நின்றால் ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்கும்: "டைம் குடுக்காதடா, மேல ஏறு!" பந்து வைத்திருப்பவனைத் தலை நிமிர்ந்து பார்க்கவே விடக்கூடாது. கோலைத் தடுக்கும் வேலை பின்வரிசையில் அல்ல, ஃபார்வர்டின் காலிலேயே தொடங்கிவிடுகிறது.

● கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் இதற்குப் பெயர் 'பாஸ் ரஷ்'. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்குப் பெரும்பாலும் மூன்று விநாடிகூடக் கிடைக்காது. அதற்குள் அவரை நெருக்கினால் அவசரத்தில் தப்பாக எறிவார். பின்னால் ஆள் பிடித்து ஓடுகிறவர்களுக்கும் பாதிச் சுமை குறையும். 2025 பிப்ரவரி 9 அன்று அந்த விளையாட்டின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கான்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸைப் பந்தோடு 6 முறை சாய்த்தது ஃபிலடெல்பியா ஈகிள்ஸ். அதற்காகக் கூடுதல் ஆளை ஒருமுறைகூட அனுப்பவில்லை. முன்வரிசை நால்வரே நெருக்கியதால் மற்ற 7 பேரும் பின்னால் காவல் நின்றார்கள். முடிவு: ஈகிள்ஸுக்கு 40-22 வெற்றி.

● அமெரிக்கக் கால்பந்தில் நமக்கும் ஓர் அணி இருந்தது. 2012-இல் எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியாவில் ஆடிய 'சென்னை ஸ்வார்ம்'.

● நம் கால்பந்தில் ஃபார்வர்ட் துரத்துவதற்குப் பலன் கூடியது 1992-இல். சக வீரர் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று அந்த ஆண்டு விதி வந்தது. அதற்கு முன்பு நெருக்கடி வந்தால் கீப்பரிடம் தட்டிவிட்டு டிஃபெண்டர் மூச்சு விடலாம், கீப்பர் அள்ளிக்கொள்வார். இப்போது அவரும் காலால்தான் சமாளிக்க வேண்டும்.

● கீப்பருக்குக் கையில் பந்து இருந்தாலும் நிம்மதி இல்லை. 2018 மே 26, கீவ் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. லிவர்பூல் கீப்பர் லோரிஸ் காரியஸ் பக்கத்து வீரருக்குப் பந்தை உருட்டிவிட, ரியல் மாட்ரிட்டின் பென்ஸிமா குறுக்கே காலை நீட்டினார். காலில் பட்ட பந்து மெல்ல உருண்டு வலைக்குள் போனது. அவ்வளவுதான், கோல்! ரியல் 3-1 என வென்றது.

● வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் நடுக்களத்தில் எதிரியை நெருக்கிப் பந்தைப் பறிப்பவர். 2018 மார்ச் 17-இல் பெங்களூருவை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என வென்று ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிய சென்னையின் எஃப்.சி. அணியில் அவரும் இருந்தார். அந்த இறுதி ஆட்டத்தின் கோல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனாலும் இப்படி ஓர் ஆள் இல்லாமல் எந்த அணியும் கோப்பை வெல்லாது என்பேன்.

● டோர்னமென்ட் ஆடும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு செய்தி. 2025 முதல் கீப்பர் பந்தை 8 விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 விநாடிகளை ரெஃப்ரி கையுயர்த்தி விரலால் எண்ணிக் காட்டுவார். அந்த நேரத்தில் சும்மா நிற்காதீர்கள். கீப்பர் யாருக்குத் தரப் பார்க்கிறாரோ அவரை அடைத்து நில்லுங்கள்.