எலியின் ஈரலில் ஒரு கடிகாரம்

சித்தேரியில் எங்கள் வீட்டுக் கோழிகள் தீனி போடும் நேரத்துக்கு முன்பே வாசலில் கூடிவிடும். அவற்றுக்கு யார் மணி அடித்தது? விஞ்ஞானிகள் எலிகளைக் கொண்டு இதை ஆராய்ந்தனர்.

எலி இரவில் இரை தேடும் பிராணி. அதற்குப் பகலில், குறித்த சில மணி நேரம் மட்டும் உணவு வைத்தார்கள். சில நாட்களில் அது உணவு வருமுன்பே விழித்து ஓடத் தொடங்கியது. உடல் வெப்பமும் கூடியது. வெளிச்சத்தைக் கொண்டு நேரம் அறியும் சிறு பகுதி மூளையில் உண்டு. 1979இல் அதைச் சிதைத்த பிறகும் எலிகள் உணவு வேளையை மறக்கவில்லை! 2001இல் வெளிவந்த ஆய்விலோ, உணவு வேளை மாறியதும் எலியின் கல்லீரல் இரண்டே நாளில் தன் நேரத்தை 10 மணி மாற்றிக்கொண்டது. மூளை பழையபடி வெளிச்சத்தையே பின்பற்றியது. ஓர் உடலில் இரண்டு நேரம். பாவம் எலி!

இத்தகைய உயிர்க் கடிகாரங்களை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களிடம் ஆராய்ந்தார்.

மனிதருக்கும் இது பொருந்துமா? 2017இல் வெளியான ஆய்வில், சிலருக்கு உணவை 5 மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரையின் அன்றாட ஏற்ற இறக்கமும் அவ்வாறே தள்ளிப்போனது. ஆலையில் இரவு வேலை பார்த்து, நள்ளிரவில் சோறு உண்ணும் என் அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

“ஷிப்டு மாறும் வாரமெல்லாம் வயிறு கோளாறு செய்வது இதனால்தானோ?” என்றார்.