பூட் ஸ்க்ரீனில் நம்ம ஊர் ஏரி

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் வருகிற படத்தை மாற்ற ஆசைப்பட்டிருக்கிறீர்களா? நான் ஆசைப்பட்டு ஒரு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தேன்.

விண்டோஸ் 95 காலத்தில் இது சுலபம். 320க்கு 400 புள்ளி அளவில், 256 நிறத்தில் ஒரு பிஎம்பி படம். லோகோ.சிஸ் என்று பேர் வைத்து சி டிரைவில் போட்டால் வேலை முடிந்தது. மாமா சொன்ன இந்த வித்தையை நம்பி, என் லேப்டாப்பில் இருக்கிற பாஸ் லினக்ஸில் (சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியன் வழிவந்தது) பழைய படத்தின் பேரிலேயே திருநின்றவூர் ஏரிப் படத்தை ப்ளைமவுத் ஃபோல்டரில் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தால் பழைய படமே வருது! நாலு தடவை. மறுநாள் காலை டிபார்ட்மென்ட் எக்ஸிபிஷன் வேறு.

விஷயம் என்னவென்றால், அந்தப் படம் தெரிகிற நேரத்தில் ஹார்ட் டிஸ்கில் உள்ள ஃபோல்டர்கள் இன்னும் திறக்கப்படவே இல்லை. நம்ம ஊர் பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினாரே, அதுபோல கெர்னல் முதலில் மெமரிக்குள்ளேயே ஒரு சின்ன ஃபைல் சிஸ்டத்தை அமைத்துக்கொள்கிறது. இனிட்ராம்எஃப்எஸ் என்று பேர். படம் அதற்குள் இருந்தால்தான் வரும். ரூட் அதிகாரத்தோடு 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' என்று கொடுத்தேன், புதிதாகக் கட்டிவிட்டது. (பழையதை ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். அது கெட்டுப்போனால் மெஷின் எழுந்திருக்காது.)

ராத்திரி ரெண்டு மணிக்கு ஏரி வந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "இதுக்காடா?" என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.