கிணறு வெட்டினால் மரகதம் கிடைக்குமா? வெள்ளைப் பாறைக்குள் ஒளிந்திருக்கும் அபூர்வ கற்கள்

ஜேடர்பாளையம்:-

ஜேடர்பாளையம், பரமத்திவேலூர், திருச்செங்கோடு பக்கம் கிணற்றுக்கு வெடி வைக்கும்போது பளபளவென்று மின்னும் கல் மேலே வருவது உண்டு. உடனே "வைரமா, மரகதமா?" என்று பேச்சு கிளம்பி விடும். அடுத்த நாளே புரோக்கர் பைக்கில் வந்து நிற்பார். அவர் சொன்னதுதான் விலை.

அந்த கல் நூற்றுக்கு தொண்ணூறு வெறும் வெங்கச்சங்கல்தான். மின்னுவது காக்காப்பொன். ஆனால் மிச்சம் பத்தை அலட்சியமாக விட முடியாது. ஏனென்றால் இந்த பகுதி பாறையின் வரலாறு அப்படி.

கடைசி சொட்டு

பூமிக்கு அடியில் உருகிய குழம்பு மெல்ல ஆறித்தான் கிரானைட் ஆகிறது. ஆறும்போது வெங்கச்சங்கல், பெல்ஸ்பார், காக்காப்பொன் மூன்றும் முதலில் கட்டியாகி விடும. இவற்றோடு ஒட்டாத பெரிலியம், லித்தியம், நியோபியம், டான்டலம் போன்ற தனிமங்கள் கடைசி குழம்பில் ஒதுங்கி நிற்கும். அதில் தண்ணீர் சத்து அதிகம். அந்த கடைசி சொட்டு பாறை வெடிப்புகளில் புகுந்து உறையும்போது கற்கள் பெரிது பெரிதாக வளருகின்றன. இதற்கு பெயர்தான் பெக்மடைட். கரும்பாறைக்கு நடுவே வெள்ளைப் பட்டை ஓடுவதை பார்த்திருப்பீர்களே, அதேதான்.

எல்லா பட்டையிலும் அபூர்வ கல் இருக்காது. பெரும்பாலானவை மலடு.

கொங்கணாபுரம் மரகதம்

சேலம் மாவட்டம் இடைப்பாடி, கொங்கணாபுரம் பகுதியில் 1990-களில் பச்சை மரகதம் கிடைத்தது. அது சுத்த தரமான மரகதம் என்று ரத்தினக்கல் ஆய்வாளர்கள் 1997-ல் வெளிநாட்டு இதழில் எழுதினார்கள். மரகதம் உருவாவதே ஒரு அதிசயம். அதற்கு தேவையான பெரிலியம் வெள்ளைப் பாறையில் இருக்கும். பச்சை நிறம் தரும் குரோமியமோ கரும்பச்சை பாறையில் இருக்கும். இரண்டும் சாதாரணமாக சேராது. பெக்மடைட் அந்த கரும்பாறைக்குள் புகுந்த இடத்தில் மட்டும் சேர்ந்தது.

குரோமியம் கலக்காமல் கொஞ்சம் இரும்பு கலந்தால் அதே பெரில் கல் கடல் நீல நிறமாகி விடும். காங்கயம் அருகே படியூரில் கிடைத்தது இதுதான். ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1819, 1820-ம் ஆண்டுகளில் அங்கே தோண்டி 2,196 கற்களை எடுத்தார். மதிப்பு 1,201 பவுண்டு. அதற்கும் பல நூற்றாண்டுக்கு முன்பே கொடுமணலில் பெரில் கல்லை அறுத்து மணி செய்திருக்கிறார்கள். அகழாய்வில் அந்த பட்டறை தடயங்கள் கிடைத்தன.

பெயர் மாறிய கல்

பார்த்த உடனே பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பக்கத்து ஊர் சித்தம்பூண்டியே சாட்சி. அங்கே இருப்பது பெக்மடைட் அல்ல, வேறு வகை வெள்ளைப் பாறை. அதில் குருந்தக்கல் உண்டு. இங்கிலீசுக்காரர்கள் சொல்லும் 'கொரண்டம்' நம் குருந்தத்தில் இருந்து போன வார்த்தைதான். இந்தியாவில் இருந்து போன குருந்தக்கல்லோடு ஒட்டியிருந்த வெள்ளை கனிமத்துக்கு 1802-ல் போர்னோன் என்பவர் 'இந்தியனைட்' என்று புது பெயர் சூட்டினார். பிறகு பார்த்தால் அது பெல்ஸ்பாரில் ஒரு வகையான அனார்த்தைட். புது பெயர் போய் விட்டது. (இதே சித்தம்பூண்டி பாறையை பொடியாக்கித்தான் இஸ்ரோ சந்திரயான் சோதனைக்கு நிலா மண் தயாரித்தது.)

எப்படி கண்டுபிடிப்பது?

வெங்கச்சங்கல், பெரில் இரண்டுக்கும் ஆறு பட்டை உண்டு. எடையும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் கையில் தூக்கிப் பார்த்து பயனில்லை. வெங்கச்சங்கல் முனை கூம்பாக முடியும். பெரில் முனை பெரும்பாலும் தட்டையாக இருக்கும். பெரிலால் வெங்கச்சங்கல்லை கீற முடியும். கறுப்பாக, அளவுக்கு மீறிய கனமாக இருந்தால் அது நியோபியம், டான்டலம் உள்ள கல்லாக இருக்கலாம். அதில் யுரேனியமும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. குழந்தைகள் விளையாட கொடுக்க வேண்டாம்.

மற்றதெல்லாம் ஆய்வகத்தில்தான். கல்லை 0.03 மில்லி மீட்டர் கனத்துக்கு தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எக்ஸ்ரே பாய்ச்சி உள்கட்டமைப்பை அறிவார்கள். எலக்ட்ரான் கருவி எந்தெந்த தனிமம் எவ்வளவு என்று சொல்லி விடும். பெரிலியம் மட்டும் மிக லேசானது என்பதால் சாதாரண எலக்ட்ரான் கருவிக்கு டிமிக்கி கொடுக்கும். அதற்கு வேறு கருவி வேண்டும். கட்டமைப்பு, கலவை இரண்டும் புதிது என்று நிரூபித்தால்தான் சர்வதேச கனிமவியல் சங்கம் புது கனிமமாக ஏற்கும். இதுவரை உலகில் சுமார் 6 ஆயிரம் கனிமங்களே பட்டியலில் உள்ளன.

5 ஆண்டு ஜெயில்

இப்போது மவுசு நகைக் கல்லுக்கு மட்டும் அல்ல. செல்போன், பேட்டரி கார் எல்லாவற்றுக்கும் லித்தியம், டான்டலம் தேவை. கர்நாடக மாநிலம் மாண்டியா அருகே பெக்மடைட் பாறையில் 1,600 டன் லித்தியம் இருப்பதாக 2021-ல் மத்திய அரசு அறிவித்தது. 2023-ல் சுரங்க சட்டத்தை திருத்தி பெரில், லித்தியம் உள்பட 6 கனிமங்களை அணு கனிம பட்டியலில் இருந்து நீக்கினார்கள்.

அதற்காக கடப்பாரையை தூக்கிக்கொண்டு கிளம்பி விடக் கூடாது. சொந்த பட்டா நிலமாகவே இருந்தாலும் அனுமதி இல்லாமல் தோண்டி விற்றால் 5 ஆண்டு வரை ஜெயில், எக்டேருக்கு ரூ.5 லட்சம் வரை அபராதம். கைவிட்ட குழிகளில் இறங்கி மண் சரிந்தால் உயிருக்கே ஆபத்து.

சந்தேகமான கல் கிடைத்தவர்கள் அதை உடைக்காமல், ஒட்டியிருக்கும் பாறையோடு சேர்த்து, எடுத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு நாமக்கல்லில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலகத்தில் காட்டலாம். புரோக்கரிடம் போவது அதற்கு பிறகுதான்.