முள்ளெலி: பேரில் மட்டும் எலி

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் முள்ளெலின்னு சொன்னா, "முள்ளம்பன்றியா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லைங்க. முள்ளம்பன்றி கொறித்துத் தின்னும் இனம். முள்ளெலி மூஞ்சூறுக்கு உறவு. எலி என்பது பேரில் மட்டும்தான். 1851இல் ஹார்ஸ்ஃபீல்ட் விவரித்த இந்த மெட்ராஸ் முள்ளெலியைப் பற்றி நான் படித்த குறிப்புகள் பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடி, கோவை வட்டாரத்து வறண்ட நிலங்களைத்தான் சொல்கின்றன.

பகலில் புதரடியிலோ வளையிலோ தூக்கம். இரவில் வண்டு, கரையான், தேள் வேட்டை. பயந்தால் சுருண்டுகொள்ளும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: முதுகுத் தோலின் ஓரத்தைச் சுற்றி வளையமாக ஒரு தசை. சுருக்குப்பை நாடாவை இழுத்த மாதிரி அது இறுகினால் முகம், கால், முள்ளில்லாத வயிறு எல்லாம் உள்ளே போயிடும். நரிக்கு முன்னால் இது போதும். தார்ரோட்டில் வண்டி வந்தாலும் ஓடாமல் அதையேதான் செய்கிறது, நசுங்கிப் போகிறது.

முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கக்குவான் இருமலுக்குக் கொடுக்கும் வழக்கம் தெற்கே உண்டு. முள் நம்ம நகம் மாதிரி வெறும் கெரட்டின்தான். கக்குவானுக்குத் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடுறாங்க.