மண் காத்து வைத்த வாழ்வு

புதுமனை எழுப்ப நிலம் வாங்குவோர் உறுதியைப் பார்ப்பர், எல்லையை அளப்பர், கிணற்று நீரைச் சுவைப்பர். அந்நிலத்தில் முன்பு வாழ்ந்தவர் யாரென விசாரிப்பவர் சிலரே. அத்திவாரம் வெட்டுமுன் அவ்வாறு விசாரித்தமையால் வெளிப்பட்ட சரித்திரமொன்றை இங்கு காண்போம்.

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், ஜேம்ஸ் நதிக்கரையில், கிங்ஸ்மில் என்னும் பழைய பெருந்தோட்டம் உண்டு. 1730களில் லூயிஸ் பேர்வெல் என்னும் செல்வர் அங்கே செங்கல் மாளிகையொன்றை எழுப்பினார். 1843இல் அது தீக்கிரையாயிற்று. பக்கத்துணைக் கட்டடங்கள் இரண்டே எஞ்சின. 1970களில் அந்நிலத்திற் குடிமனைகள் அமைக்கும் திட்டம் எழுந்தது. வேலை தொடங்குமுன், 1972 முதல் வில்லியம் கெல்சோ என்னும் தொல்பொருளறிஞரின் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது.

மரவீடு உக்கிப் போனபின் எதைக் கண்டுபிடிப்பது என நாம் கேட்கலாம். தூண் நட்ட குழியில் மண்ணின் நிறம் மாறிவிடும். நூற்றாண்டுகள் கழிந்தாலும் அவ்வேறுபாடு மறையாது. மேல்மண்ணை மெல்ல அகற்றி, அக்குழிகளை ஒவ்வொன்றாகக் குறித்தால், வீட்டின் நீள அகலம் தெரியவரும்.

இவ்வாறே அடிமைகளின் குடில்கள் வெளிப்பட்டன. அவற்றின் தரைக்குக் கீழே சிறு குழிகள் பல இருந்தன. கிழங்கு வகைகளைச் சேமிக்கவும், சொந்தப் பொருள்களைப் பத்திரப்படுத்தவும் அவை உதவின என்பர் ஆய்வாளர். உடைந்த பாத்திரங்களும் பொத்தான்களும் எலும்புகளும் அவற்றிற் கிடைத்தன. சட்டத்தின் கண்ணில் அம்மக்களே பிறர் உடைமை. எனினும் தமதென்று சிலவற்றைத் தரையின் கீழேனும் வைத்திருந்தனர்!

அடிமைகள் வாழ்ந்த ஒரு பகுதியின் பெயர் 'உட்டோப்பியா'. குறையேதுமற்ற இன்பநாடு என்பது அதன் பொருள்! 1990களில் அங்கு வீடுகள் எழுமுன் மீண்டும் அகழ்ந்தபோது, அவர்களின் இடுகாடும் வெளிப்பட்டது. மணிமாலையோடு அடக்கஞ் செய்யப்பட்ட குழந்தையும் அங்கிருந்தது. பெற்ற மனம் எங்கும் ஒன்றே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அகழ்ந்த நிலத்தை மறுபடி அகழ இயலாது. ஆதலால் வரைபடமும் குறிப்பும் எழுதி வைப்பதே ஆய்வாளரின் தலையாய கடமை. மாளிகையாரின் வாழ்வை ஏடுகள் கூறும். அடிமைகளோ கணக்கேடுகளிற் பெயராகவும் விலையாகவுமே நின்றனர். அவர்கள் வாழ்ந்த விதத்தை மண்ணே காத்து வைத்திருந்தது. மண்வாரி இயந்திரம் முந்தியிருந்தால், அந்தக் கடைசிச் சாட்சியும் ஒரே நாளில் அழிந்திருக்கும்.