மண்வெட்டித் தலைப் புழு

மழை ஓய்ந்த காலையில் பூந்தொட்டியை நகர்த்தும்போது, அதன் அடியில் நாடாவைப் போன்ற ஒரு புழு ஊர்வதை நேயர்கள் சிலர் கண்டிருக்கலாம். அதன் தலை பிறைநிலவு போல் விரிந்திருக்கும். அதனை அட்டை என்று அஞ்சுவோரும் மண்புழு என்று விட்டுவிடுவோரும் உளர். அது இரண்டும் அன்று; தரையில் வாழும் தட்டைப்புழுவாகும். 1857-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஸ்டிம்சன் இப்பேரினத்துக்குப் 'பைபாலியம்' என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் அச்சொல் ஒருவகை மண்வெட்டியைக் குறிக்கும்.

இதன் உடலமைப்பு விந்தையானது. இதற்கு இரத்தமும் இல்லை, நுரையீரலும் இல்லை. மெல்லிய உடலாதலின் பிராணவாயு தோல் வழியே உட்புகுகிறது. தலையின் விளிம்பில் எண்ணற்ற நுண்கண்கள் உள்ளன. ஆனால் வாய் அங்கில்லை. அது உடலின் நடுப்பகுதியில், அடிப்புறத்தில் அமைந்துள்ளது. அவ்வாயின் வழியே தொண்டைக் குழலை வெளியே நீட்டி, மண்புழுவின் தசையைக் கரைத்து உறிஞ்சுகிறது. குடல் முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி இரண்டுமாகக் கிளைக்கிறது. மலவாய் இல்லாமையால் கழிவும் வாய் வழியே வெளியேறும்.

1871-இல் சூரிய கிரகணத்தை ஆராய இலங்கைக்கு வந்த குழுவில் மோஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் இருந்தார். அவர் அத்தீவின் தரைத் தட்டைப்புழுக்களை அறுத்து ஆராய்ந்து, 1874-இல் அவற்றின் உள்ளமைப்பை விளக்கினார். லண்டனிலுள்ள கியூ தோட்டத்தின் கண்ணாடி மனையில் அகப்பட்ட ஓரினத்துக்கு 1878-இல் அத்தோட்டத்தின் பெயரையே சூட்டினார். ஆயினும் அதன் தாயகம் தென்கிழக்கு ஆசியா என்றே கருதப்படுகிறது. செடிகளின் மண்ணோடு அது உலகெங்கும் பரவியது.

பிறைத்தலைப் புழுக்களை இனம் பிரிப்பதற்குத் தலையின் வடிவமும் முதுகுக் கோடுகளும் மட்டும் போதா. இனப்பெருக்க உறுப்புகளை நுண்சீவல்களாக்கிப் பார்த்த பின்னரே, 1998 முதல் 2002 வரை, அறிஞர்கள் அவற்றை நான்கு பேரினங்களாக வகுத்தனர். அவ்வுறுப்புகள் இன்னும் ஆராயப்படாத இனங்களை 'டைவர்சிபைபாலியம்' என்னும் நான்காம் பிரிவில் வைத்தனர்.

இப்புழுவைத் துண்டித்து எறிவது பயனற்றது. கியூ இனம் தன் வாலின் நுனியைத் தானே கழற்றிவிடும். அத்துண்டு சில நாட்களில் தலை முளைத்து முழுப்புழுவாகும். பேத்தை மீனிலுள்ள கொடிய நஞ்சு இதன் உடலிலும் உண்டென்று 2014-இல் கண்டறியப்பட்டமையால், வெறுங்கையால் தொடாது, உப்பிட்டோ கொதிநீரிலிட்டோ அழித்தல் நன்று. ஊர்விட்டு ஊர் செல்லும் நாம் துளசியையும் கறிவேப்பிலைக் கன்றையும் தாய்மண்ணோடு கொண்டுசெல்கிறோம். புறப்படுமுன் தொட்டியின் அடியைப் பார்த்துக்கொள்வோமாயின், புதிய இடத்தின் மண்புழுக்கள் பிழைக்கும்.